பன்னிரண்டு இரவில் நியூசிலாந்தின் தெற்குத் தீவு: ஊரை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: டிசம்பரிலோ மார்ச்சிலோ நியூசிலாந்து போக வேண்டும். அங்கே தங்கப் பன்னிரண்டு இரவு கிடைக்கும். கணவன், மனைவி, 66 வயது அம்மா, 9 வயதுப் பையன். மலையும் பார்க்க வேண்டும், காட்டுயிரும் பார்க்க வேண்டும். ஆக்லாந்தில் இறங்கி இரண்டு தீவையும் சுற்றிப் பதினோரு ஊர் பார்ப்பதாக ஒரு அட்டவணை போட்டு, "இது சரியா வருமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

வராது தம்பி. மனம் கோணாமல் கேளுங்கள். அந்த அட்டவணைப்படி போனால் தினமும் காலையில் பெட்டி கட்டுவதும் மாலையில் பெட்டி பிரிப்பதும்தான் அம்மாவுக்கு நினைவில் நிற்கும். நான் கிறைஸ்ட்சர்ச்சில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு குடும்பமாவது உறவில் வந்து போகிறார்கள். நன்றாகப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் குறைவான ஊரில் அதிக இரவு தங்கியவர்கள்தான். காரணம் எளிது. மலை, மேகம் விலகினால்தான் முகம் காட்டும். பெங்குவினும் கிவிப் பறவையும் இருட்டினால்தான் வெளியே வரும். இரண்டுக்கும் நம் செக்-அவுட் நேரத்தைப் பற்றிக் கவலை கிடையாது. ஒரு ஊரில் ஒரே ஒரு இரவு என்றால், அன்றைக்கு மழை பெய்துவிட்டால் அந்த ஊர் போச்சு.

அதனால் முதல் வேலையாக வடக்குத் தீவை வெட்டுங்கள். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பலில் கடப்பதற்கே மூன்றரை மணி நேரம். ஏறி இறங்கும் அலைச்சலோடு சேர்த்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். நீங்கள் கேட்ட இரண்டும் தெற்குத் தீவிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வந்தால் அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கே நேர் விமானம் உண்டு, சுமார் பத்து மணி நேரம். ஆக்லாந்தை மிதிக்கவே வேண்டாம்.

அடுத்து மாதம். என் ஓட்டு மார்ச்சுக்கு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை இங்கே பள்ளி விடுமுறை. ஊரே காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மார்ச்சில் கூட்டம் வடிந்திருக்கும், வானம் ஓரளவு நிதானமாக இருக்கும், எட்டு மணி வாக்கில்தான் சூரியன் இறங்கும். ஆனால் இரண்டு நட்டம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, நீலப் பெங்குவின்கள் கரைக்கு வரும் எண்ணிக்கை இனப்பெருக்கக் காலத்தைவிட மார்ச்சில் குறைவு. இன்னொன்று, டெகாப்போ ஏரிக்கரையில் ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூத்துக் கிடக்கும் லூப்பின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரைதான். அதற்காக ரொம்ப வருத்தப்பட வேண்டாம். அது வெளியிலிருந்து வந்த களை. ஆற்றுப் படுகையின் கூழாங்கல் திட்டுகளை மூடிவிடுவதால், அங்கே முட்டையிடும் காக்கி என்ற கறுப்பு நெடுங்கால் உள்ளானுக்கு இடமில்லாமல் போகிறது. ஊர்க்காரர்கள் வேரோடு பிடுங்குகிறார்கள், வந்தவர்கள் அதற்குள் நின்று படம் பிடிக்கிறார்கள்.

இனி இரவுக் கணக்கு. கிறைஸ்ட்சர்ச் ஒன்று, மவுண்ட் குக் மூன்று, டி ஆனாவ் மூன்று, ஸ்டூவர்ட் தீவு இரண்டு, டுனீடின் இரண்டு, திரும்பக் கிறைஸ்ட்சர்ச் ஒன்று. பன்னிரண்டு ஆயிற்று. குயின்ஸ்டவுன் எங்கே என்று கேட்பீர்கள். டி ஆனாவ் போகும் வழியில் மதியம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, ஏரிக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அது சாகச விளையாட்டுக்கும் கடைத்தெருவுக்குமான ஊர். உங்கள் கேள்வியில் அது இரண்டும் இல்லை.

இந்தத் தீவின் வானிலையைப் புரிந்துகொள்ள நமக்குத் தனிப் பாடம் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைய, இந்தப் பக்கம் நாம் காய்வோமே, அதேதான். சதர்ன் ஆல்ப்ஸ் என்ற மலைத்தொடர் தீவின் நடுமுதுகாக ஐந்நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலேறி, இருக்கிற மழையை எல்லாம் மேற்கிலேயே கொட்டிவிடுகிறது. மேற்குக் கரையிலுள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டு மழை 6,400 மில்லிமீட்டரைத் தாண்டும். மலைக்கு இந்தப் பக்கம் கிறைஸ்ட்சர்ச்சில் 600 சொச்சம்தான். ஆகவே ஒரு பக்கம் மழை என்றால் தீவு முழுக்க மழை என்று பொருளில்லை. மெட்சர்வீஸ் என்ற வானிலை நிறுவனத்தின் முன்னறிவிப்பைத் தினமும் இரவு பாருங்கள். மறுநாள் மலையா, காடா, கடலா என்று அன்றைக்கு முடிவு செய்யுங்கள். மூன்று இரவு போடச் சொல்வது இந்த வசதிக்காகத்தான்.

இறங்கிய அன்றைக்குத் தொலைவுக்குக் கார் ஓட்டாதீர்கள். மார்ச்சில் இந்தியாவுக்கும் இங்கேயும் ஏழரை மணி நேர வித்தியாசம். உடம்பு நள்ளிரவு என்று நினைக்கும்போது கண் சாலையைப் பார்க்காது. மறுநாள் காலை கிளம்பினால் டெகாப்போ மூன்று மணி நேரம். அங்கே ஏரித் தண்ணீர் பால் கலந்த நீலமாக இருக்கும். பையன் ஏன் என்று கேட்பான், தயாராக இருங்கள்: பனியாறு பாறையை மாவு மாதிரி அரைத்து அனுப்புகிறது, அந்தத் தூள் அடியில் படியாமல் தண்ணீரில் தொங்கிக்கொண்டு நிற்கிறது, வெயில் அதில் பட்டுச் சிதறித்தான் அந்த நிறம். கரையிலுள்ள சின்னக் கல்கோவில் 1935ல் கட்டியது. அதைச் சுற்றிப் பேருந்துக் கூட்டம் எப்போதும் இருக்கும். பத்து நிமிடம் போதும். அடுத்து வரும் புகாக்கி ஏரியின் ஓரமாகத் திரும்பினால், வானம் தெளிந்திருந்தால், எதிரே ஆவோராக்கி நிற்கும்.

ஆவோராக்கிதான் மவுண்ட் குக், 3,724 மீட்டர், நாட்டிலேயே உயரம். 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து ஒரு பெரும் பாறைச்சரிவு விழுந்து, தலையில் பத்து மீட்டர் போல் போயிற்று. அப்புறம் மேலே இருந்த பனியும் தேய்ந்ததில்தான் இன்றைய கணக்கு வந்தது. பழைய புத்தகத்தில் 3,764 என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். இந்தத் தீவின் பூர்வகுடி மாவோரிகளான நை டாஹு மக்களின் கதையில் ஆவோராக்கியும் அவன் தம்பிகளும் வந்த படகு கவிழ்ந்து கல்லாகிவிட்டது; அந்தப் படகுதான் இந்தத் தீவு, மேலே ஏறி நின்று உறைந்துபோனவர்கள்தான் இந்தச் சிகரங்கள். மலையைப் பார்த்தபடி பையனுக்கு இதைச் சொல்லுங்கள், உயரக் கணக்கைவிட நன்றாகப் பதியும்.

அங்கே நடப்பதற்கு ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை. போக வரப் பத்துக் கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், கடைசியில் பனிக்கட்டி மிதக்கும் ஏரி. பாதையில் தொங்குபாலங்கள் உண்டு. அவற்றில் பழுது வேலை நடந்தால் பாதியோடு மறித்துவிடுவார்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இங்கே எல்லாரும் அதை 'டாக்' என்பார்கள். அம்மாவால் அவ்வளவு தூரம் முடியாது என்றால் கியா பாயின்ட் பாதை இருக்கிறது, போய்வர ஒரு மணி நேரம். மெதுவாக நடந்தால் ஒன்றரை.

இரவில் கண்டிப்பாக வெளியே வாருங்கள். 2012 முதல் இந்தப் பகுதி இருள்வானக் காப்பகம், தெருவிளக்கைக்கூடக் கீழ்நோக்கித்தான் போட்டிருப்பார்கள். பயண நாளை அமாவாசையை ஒட்டி வைத்தால் கொடுப்பினை. மார்ச் இரவு வடக்குப் பக்கம் பாருங்கள், மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் அதே நட்சத்திரக் கூட்டம் தலைகீழாகத் தொங்கும். ஊரில் மேலே பார்த்துப் பழகிய திருவாதிரை இங்கே கீழே. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நாம தலைகீழா நிக்கிறோமா, அது தலைகீழா நிக்குதா?" என்று கேட்டார். அவர் கேட்டது அறிவியல்படி மிகச் சரியான கேள்வி. தெற்கே திரும்பினால் சிறு புகைத்திட்டு மாதிரி இரண்டு தெரியும். மேகம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அவை மகெல்லன் மேகங்கள், இரண்டுமே தனி விண்மீன் மண்டலங்கள்.

இனி டி ஆனாவ். இந்தப் பயணத்தின் நெஞ்சுக்கூடு இதுதான், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மில்ஃபோர்ட் சவுண்டைக் குயின்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேரம் படகு. அதைத் தண்டனை என்பேன். டி ஆனாவிலிருந்து 120 கிலோமீட்டர்தான். அதிலும் அவசரமாக ஓட்டுகிற சாலை அல்ல அது. டி ஆனாவிலேயே டேங்கை நிரப்புங்கள். தாண்டினால் பெரும்பாலும் கைபேசி சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பேருந்துக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம். வழியில் கண்ணாடி ஏரிகள் என்று பலகை வரும், பத்து நிமிட மரப்பாதை, அம்மாவுக்கு ஏற்றது. காற்று எழுவதற்கு முன் போனால்தான் மலை தண்ணீரில் தெரியும், இன்னொரு காரணம் சீக்கிரம் கிளம்ப.

அப்புறம் ஹோமர் சுரங்கம். 1935ல் ஐந்து பேர் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வைத்துக்கொண்டு தொடங்கிய வேலை, 1954ல்தான் வண்டி போனது. 1.2 கிலோமீட்டர், உள்ளே போனதும் மில்ஃபோர்ட் பக்கமாகச் சரியும், சுவரிலிருந்து தண்ணீர் வழியும். கோடையில் வாசலில் சிக்னல் போட்டு ஒரு பக்கமாக விடுவார்கள். அங்கே நிற்கும்போதுதான் கியா வரும்.

கியா உலகில் மலைப்பனியை ஒட்டி வாழும் ஒரே கிளி. தூரத்திலிருந்து பார்த்தால் மங்கிய பச்சை, ஏமாற்றமாக இருக்கும். இறக்கையை விரித்தால் அடியில் செங்கல் ஆரஞ்சு. என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்று முன்பக்கம் பானட்டில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என் மகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் படம் எடுக்கிற நேரத்தில், இன்னொன்று பின்பக்கம் வைப்பர் ரப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தது. வளைந்த அலகை ரப்பருக்கு அடியில் நுழைத்து, ஒரு காலால் கம்பியைப் பிடித்து, தையல் பிரிப்பது போல் முழு நீளத்தையும் பொறுமையாக உரித்தது. திருட்டில் கூட்டுச் சதி. வாடகைக் கார் நிறுவனம் (பெயர் வேண்டாம்) அந்த ரப்பருக்கு என்னிடம் பணம் வாங்கியது. காரணம் என்ற இடத்தில் 'கிளி' என்று எழுதிக்கொடுத்தேன், அந்தப் பெண் மூன்று முறை படித்தாள்.

சிரிப்பாக இருக்கிறதே என்று ஒரு சிப்ஸ் துண்டுகூடப் போடாதீர்கள். மனிதன் இருக்கும் இடத்தில் தீனி உண்டு என்று பழகிவிட்டால் அது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போய்விடும். பழைய மலைக் குடில்களின் ஈய ஆணிகளைக் கொறித்து ஈய நஞ்சேறிச் சாகிற கியாக்களும் இருக்கின்றன. எதையும் கடித்துப் பார்க்கிற அந்தப் புத்திதான் அதன் அழகு, ஆபத்தும் அதுவே.

மில்ஃபோர்ட் போனபின் மழை என்றால் மனம் உடைய வேண்டாம். பெயரில் சவுண்ட் என்று இருந்தாலும் இது பனியாறு குடைந்து கடல் புகுந்த ஃபியோர்ட். செங்குத்தான பாறைச் சுவர், மண் கிடையாது. மழை பெய்தால் தண்ணீருக்கு நிற்க இடமில்லை, பாறை எங்கும் நூற்றுக்கணக்கில் அருவி திறந்துவிடும். வெயில் நாளில் நிரந்தரமான இரண்டு பெரிய அருவியைத்தான் பார்ப்பீர்கள்; மழை நாளில் எண்ணி மாளாது. வெயிலில் மைட்டர் சிகரம் தெரியும், மழையில் அருவி. இரண்டும் கெட்டான் தாழ்ந்த மேகமும் தூறலும் மட்டும் இருக்கிற நாள்தான், அதற்குத்தான் மூன்று இரவு. ஆனால் கனமழை எச்சரிக்கை இருந்தால் சாலையையே மூடுவார்கள். 2020 பிப்ரவரி வெள்ளத்தில் இந்தச் சாலை பல இடத்தில் அடித்துக்கொண்டே போனது.

படகில் போகும்போது தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், தேநீர் மாதிரி இருக்கும். காட்டுச் சருகின் துவர்ப்புச் சாயம் மழையோடு வந்து, உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. வெளிச்சம் கீழே போகாது. அதனால் ஆழ்கடலில் மட்டும் வளர வேண்டிய கறுப்புப் பவளம் இங்கே பத்து மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. கடல்நாய்கள் பாறையில் படுத்திருக்கும். படகோட்டி பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுவார்.

அதோடு மணல் ஈ. மாவோரி மொழியில் நமு. இந்த இடத்தின் அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஹினே-நுயி-டெ-போ என்ற சாவின் தேவதை இதை இங்கே விட்டாளாம். கடித்தால் கொசுவைவிட நாலு மடங்கு அரிப்பு, ஒரு வாரம் நிற்கும். நடந்துகொண்டே இருந்தால் அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. நின்று செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதற்குச் சாப்பாடு. இருட்டினால் அடங்கிவிடும். பூச்சி மருந்தைக் கணுக்காலிலும் காதுமடலிலும் மறக்காமல் தடவுங்கள். பையனுக்கு முழுக்கால் சட்டை.

டி ஆனாவில் மழை விடாத ஒரு நாள் வந்தால் ஏரிக்கரையில் பறவைக் காப்பகம் இருக்கிறது. அங்கே டக்காஹேயைப் பாருங்கள். நம்மூர் நீலத் தாழைக்கோழியை ஊதி வாத்தளவு ஆக்கினால் எப்படியோ அப்படி, சிவந்த கனத்த அலகு, பறக்காது. அழிந்தே போய்விட்டது என்று கணக்கை மூடி ஐம்பது வருடம் ஆன பறவை. 1948 நவம்பரில் ஜெஃப்ரி ஆர்பெல் என்ற மருத்துவர் இந்த ஏரிக்கு அக்கரையில் உள்ள மர்ச்சிசன் மலையில் கண்டுபிடித்தார். நின்று பார்த்தால் புல்லை ஒரு காலில் பிடித்து, குழந்தை கரும்பு கடிப்பது போல் அடித்தண்டை மட்டும் கடித்துவிட்டு மீதியைப் போடும். அம்மாவுக்கு இது மலையைவிடப் பிடிக்கலாம்.

அங்கிருந்து இன்வர்கார்கில் வழியாக ப்ளஃப் துறைமுகம். காரை அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோவோ நீரிணையைக் கடந்தால் ஒரு மணி நேரத்தில் ஸ்டூவர்ட் தீவு, மாவோரியில் ராக்கியூரா. கடல் முரட்டுக் கடல். அம்மாவுக்குக் குமட்டல் உண்டு என்றால் இன்வர்கார்கிலிலிருந்து சின்ன விமானம், இருபது நிமிடம். பெட்டி எடை மட்டும் கட்டுப்பாடு. இத்தனை பாடு எதற்கு என்றால், காட்டில் தானாகத் திரியும் கிவியைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்புள்ள இடம் கிடையாது. ஓபன் என்ற ஒரே ஊர், நானூறு பேர் போல். இரவில் வழிகாட்டியோடு போக வேண்டும். சில பயணங்களில் சிறுவர்களுக்கு வயது வரம்பு உண்டு, பையன் ஒன்பது என்று சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சிவப்பு வெளிச்சம் மட்டும், பேச்சு கூடாது. கிவியைப் பார்ப்பதற்கு முன் அதன் மூச்சுதான் கேட்கும். மூக்குத்துளை அலகின் நுனியில் இருப்பதால், மண்ணில் குத்திக் குத்தி முகர்ந்துவிட்டு, சளி பிடித்த குழந்தை மாதிரி உஸ் என்று ஊதித் தூசியை வெளியே தள்ளும். தெரியாமலே போகவும் கூடும். இரண்டு இரவு இருந்தால் இன்னொரு முறை முயலலாம்.

பகலில் உல்வா தீவு. எலியை ஒழித்த தீவு என்பதால் படகில் ஏறுமுன் பையில் எலியோ விதையோ இருக்கிறதா என்று உங்களையே பார்க்கச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், நிசமாகவே பாருங்கள். வௌவாலைத் தவிர இந்த நாட்டுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி ஒன்றுமே கிடையாது. கடித்துத் தின்னும் எதிரி இல்லாததால் பறவைகள் பறப்பதை விட்டுவிட்டுத் தரையிலேயே குடும்பம் நடத்தின. எலியும் ஸ்டோட் என்னும் மரநாய் வகைப் பிராணியும் மனிதனோடு வந்ததும் கதை முடிந்தது. உல்வாவில் சருகைக் காலால் கொஞ்சம் கிளறிவிட்டு அசையாமல் நில்லுங்கள், ராபின் குருவி பூச்சி பொறுக்க ஷூ நுனிவரை வரும். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தால் வெக்கா என்ற கோழி தூக்கிக்கொண்டு ஓடும், அதையும் பையனுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

தீவுக்கே போக வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த இரண்டு இரவைக் கைக்கோராவுக்குக் கொடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே 180 கிலோமீட்டர். கரையை ஒட்டியே கடல் பாதாளமாக இறங்குவதால் எண்ணெய்த் திமிங்கிலம் ஆண்டு முழுக்க அங்கே இருக்கும். இரண்டையும் சேர்க்கப் பார்க்காதீர்கள், தீவின் இரண்டு கோடி அவை.

டுனீடினில் கணக்கு நேர்மாறு. மலைக்குக் காற்றில்லாத நாள் வேண்டும், அல்பட்ராஸுக்குக் காற்றடிக்கிற நாள் வேண்டும். ஓட்டாகோ தீபகற்பத்தின் முனையில், டையரோவா ஹெட்டில், ராஜ அல்பட்ராஸ் கூடு வைக்கிறது. மற்ற கூட்டங்கள் எல்லாம் ஆளில்லாத தொலைத்தீவுகளில் இருக்க, மக்கள் வாழும் பெருநிலத்தில் இருப்பது இது ஒன்றுதான். மூன்று மீட்டர் இறக்கையை அடிக்காமலேயே காற்றில் சறுக்கும். காற்றில்லாவிட்டால் கடலிலேயே உட்கார்ந்துவிடும், நீங்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும், அந்த நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். மார்ச்சில் கூட்டில் வெள்ளைப் பஞ்சுப் பொதியாகக் குஞ்சு இருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் பிற்பகுதிவரை பார்வை மேடையை மூடிவிடுவார்கள், உங்கள் மாதத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதே கரையில் மாலையில் நீலப் பெங்குவின். ஹொய்ஹோ என்ற மஞ்சள் கண் பெங்குவின் இந்தக் கரையில் வெகுவாகக் குறைந்துபோயிற்று. கண்டால் அதற்கும் கடலுக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஆளைப் பார்த்தால் கரையேறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும், கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். கடல்நாய், கடல்சிங்கத்துக்கு இருபது மீட்டர் தள்ளி.

கார் விஷயம். இடப்பக்கம்தான், நமக்குப் பழக்கம். உரிமத்தில் ஆங்கிலம் இருந்தால் அதுவே போதும், இல்லையேல் மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ வேண்டும். ஊருக்கு வெளியே நூறு கிலோமீட்டர் வேகம் என்று பலகை இருக்கும். அது உச்சவரம்பு, இலக்கு இல்லை. வரைபடம் மூன்று மணி என்றால் நாலு வையுங்கள். ஒருவழிப் பாலங்கள் நிறைய. சிவப்பு வளையமிட்ட வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். பின்னால் வண்டி சேர்ந்தால் ஓரம் ஒதுங்கி விட்டுவிடுங்கள், இங்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், மனதுக்குள் திட்டுவார்கள். விபத்தில் காயம்பட்டால் இந்நாட்டு விபத்துக் காப்பீடான ஏசிசி வந்தவர்களுக்கும் சிகிச்சை தரும். நோய்க்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் தராது. அம்மாவுக்காகப் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்.

விசா: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசிட்டர் விசா வேண்டும், இணையத்திலேயே போடலாம், மூன்று மாதம் முன்பே போடுங்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு மின்னணு அனுமதி போதும். எதுவானாலும் தலைக்கு நூறு நியூசிலாந்து டாலர் பயணியர் வரி கூடவே வரும். 2024 அக்டோபரில் 35லிருந்து ஏற்றினார்கள்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் மவுண்ட் குக் கிராமத்து அறை, ஏனென்றால் அங்கே விடுதிகள் கைவிரல் அளவுதான். கிடைக்காவிட்டால் ட்வைசலில் தங்கி முக்கால் மணி நேரம் ஓட்டலாம். அடுத்து ஸ்டூவர்ட் தீவின் கிவி இரவு, பிறகு டி ஆனாவ், பிறகுதான் விமானம். விமானத்தை முதலில் எடுத்துவிட்டு அறைக்கு அலைபவர்கள்தான் அதிகம். சமையலறை உள்ள மோட்டலாக எடுங்கள். சின்ன ஊரில் எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒருநாள் இரவு நாங்கள் நாலு பேரும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்று படுத்தோம்.

கடைசியாகப் பெட்டி. பொடி, ஊறுகாய், வடகம் எது கொண்டு வந்தாலும் இறங்குவதற்கு முன் நிரப்பும் பயணியர் அறிவிப்பில் 'ஆம்' என்று போடுங்கள். சொன்னால் எடுத்துப் பார்ப்பார்கள், ஆகாததைக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம், ஒரு ஆப்பிளுக்குக்கூட. என் மாமியார் ஒரு பட்டியலே எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். அதிகாரி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு மாமியாரின் நடை ஷூவைத் திருப்பி, அடிப்பள்ளத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்து, உள்ளே கொண்டுபோய்க் கழுவி, ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். நீங்கள் அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நாலு பேர் ஷூவையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள்.